ஒரு குழந்தை, இரண்டு தாய்மார்

(வானொலி மறையுரை)



தாயன்பைப் பற்றிப் பேசினால் மறுத்துப் பேசுவார் யாரும் இல்லை. எல்லா மொழிகளிலும் எல்லாச் சமயங்களிலும் அது போற்றப்படுகிறது. ஆனால் நம் தெருவில், நம் வீட்டில், ஏன், நம் ஆலயத்தின் கடைசி வரிசையில்கூட, ஒரு தாயைப் பார்த்து, "பிள்ளை வளர்க்கிற லட்சணமா இது? இவளும் ஒரு தாயா?" என்று நாம் கேட்டுவிடுகிறோம். வாயால் கேட்காவிட்டாலும் மனத்தால் கேட்டுவிடுகிறோம். அந்தக் கேள்வியைத்தான் இன்று இறைவார்த்தையின் ஒளியில் சிந்திக்கப் போகிறோம்.

1997-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஓர் இளந்தாய், தம் 14 மாதக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து, ஓர் உணவகத்தின் சன்னலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, குழந்தையின் தந்தையோடு உள்ளே அமர்ந்திருந்தார். அதைப் பார்த்தவர்கள் பதறினார்கள். காவல்துறை வந்தது. தாயும் தந்தையும் கைது செய்யப்பட்டார்கள். குழந்தை நான்கு நாள்கள் தாயிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டது. செய்தி டென்மார்க்கை எட்டியபோது அங்கே உள்ளவர்களுக்கு வியப்பு. ஏனெனில், குழந்தையைக் கம்பளியால் நன்றாகப் போர்த்தி, வண்டியோடு வெளிக்காற்றில் தூங்கவிடுவது அந்த நாட்டுத் தாய்மாரின் வழக்கம். குளிர்காலத்திலும் அப்படிச் செய்வார்கள். வெளிக்காற்று பிள்ளைக்கு நல்லது என்று அவர்களுடைய தாய்மார் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பின்னர் அந்தத் தாய்மீது போடப்பட்ட வழக்கு கைவிடப்பட்டது.

இன்னொரு நிகழ்ச்சி. 2011-ஆம் ஆண்டு, நார்வே நாட்டின் ஸ்தவாங்கர் நகரில் வாழ்ந்துவந்த ஒரு வங்காளிக் குடும்பத்தின் இரண்டு சின்னஞ்சிறு குழந்தைகளை, அந்நாட்டின் குழந்தைகள் நலத்துறை பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு பராமரிப்பில் வைத்தது. குழந்தைக்குக் கையால் சோறு ஊட்டியதும், பெற்றோரின் படுக்கையிலேயே பிள்ளையைப் படுக்க வைத்ததும் குற்றமாகப் பார்க்கப்பட்டன என்று பெற்றோர் சொன்னார்கள். அவை காரணம் இல்லை, வேறு கவலைகள் இருந்தன என்று அதிகாரிகள் சொன்னார்கள். இரு நாட்டு அரசுகளும் பேச வேண்டிய அளவுக்கு அது பெரிய செய்தியானது. மறு ஆண்டு அந்தக் குழந்தைகள் இந்தியாவில் உள்ள உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அதன்பிறகும் அந்தத் தாய் கொல்கத்தாவில் நீதிமன்றப் படியேறித்தான் தம் பிள்ளைகளைத் திரும்பப் பெற்றார்.

அன்பு நேயர்களே, இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிள்ளையைத் தள்ளி வைத்தார் என்று ஒரு தாயின்மேல் பழி. பிள்ளையை ஒட்டி வைத்திருந்ததே குற்றமாகிவிட்டது என்று இன்னொரு தாய்க்கு வேதனை. இருவரும் தங்கள் தாயிடம் கற்றதையே செய்தார்கள். கடல் தாண்டியதும், அன்பு என்று அவர்கள் நினைத்தது அலட்சியமாகவோ அறியாமையாகவோ பிறர் கண்ணுக்குத் தெரிந்தது.

உலகம் முழுவதும் தேடிப் பார்த்தால் பிள்ளை வளர்ப்பில்தான் எத்தனை வகை! நம் பாட்டிமார் காலை நீட்டி, அதில் குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். சேலையில் தூளி கட்டித் தாலாட்டுவார்கள். கண்பட்டுவிடும் என்று கன்னத்தில் கருப்புப் பொட்டு வைப்பார்கள். ஜப்பானில் தாய்க்கும் தந்தைக்கும் நடுவில் குழந்தை படுத்துத் தூங்கும். மூன்று கோடுகளால் ஆன, 'ஆறு' என்று பொருள்படும் எழுத்தைப்போல அது இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். ஆனால் அதே ஜப்பானில், ஆறு வயதுப் பிள்ளை பெற்றோர் துணையின்றி, மற்றப் பிள்ளைகளோடு நடந்தே பள்ளிக்குப் போகும். நம்மில் பலர் அதற்குத் துணிய மாட்டோம். கென்யா நாட்டின் குசீ மக்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்த ராபர்ட் லெவைன் என்ற அமெரிக்க மானுடவியல் அறிஞர், அமெரிக்கத் தாய்மார் பிள்ளைகளைக் கவனிக்கும் படக்காட்சிகளை அந்த ஊர்த் தாய்மாருக்குக் காட்டினார். அழுகிற குழந்தையைத் தூக்க அந்தத் தாய்மார் தாமதிப்பதைக் கண்டு குசீ தாய்மார் மனம் வருந்தினார்கள். ஆனால் அதே குசீ தாய்மார், நாம் செய்வதுபோல் குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சிக் குலாவிப் பேசுவது குறைவு. அதைக் கண்டால் நமக்கு மனம் வருந்தும்.

அன்பு ஒன்றுதான். ஆனால் அந்த அன்புக்கு ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு கை கொடுத்திருக்கிறது. நம் கை செய்வதை மட்டுமே அன்பு என்று நாம் எண்ணத் தொடங்கும்போதுதான் தவறு நேர்கிறது.

இப்போது திருவிவிலியத்தைத் திறப்போம். விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தில், நைல் நதியில் ஒரு பேழை மிதக்கிறது. உள்ளே மூன்று மாதக் குழந்தை. எபிரேயரின் ஆண் குழந்தைகளை எல்லாம் நதியில் எறிய வேண்டும் என்பது பார்வோனின் கட்டளை. அந்தத் தாய் கோரைப்புல் பேழை செய்து, தண்ணீர் புகாதபடி பூசி, பிள்ளையை அதில் வைத்து, நாணல்களுக்கு நடுவே விடுகிறார். நடந்தது தெரியாமல் கரையில் நிற்கும் ஒருவர் என்ன சொல்வார்? "பச்சைப் பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாளே, இவளும் ஒரு தாயா?" என்றுதானே சொல்வார்? ஆனால் பேழையின் ஒவ்வொரு பூச்சிலும் அந்தத் தாயின் அன்பு இருந்தது. சற்றுத் தொலைவில், என்ன ஆகிறதோ என்று பார்த்துக்கொண்டு அந்தக் குழந்தையின் அக்காள் நின்றாள்.

குளிக்க வந்த பார்வோனின் மகள் பேழையைத் திறக்கிறாள். குழந்தை அழுகிறது. அது எபிரேயக் குழந்தை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அவளுடைய தந்தையின் ஆணைப்படி அது சாக வேண்டிய குழந்தை. ஆனால் அவள் அழுகையைத்தான் முதலில் கேட்டாள். அவளுக்கு இரக்கம் வந்தது. இதைப் பெற்றவள் எப்படிப்பட்டவள் என்று அவள் விசாரித்ததாக நூலில் இல்லை. குழந்தையின் அக்காள் ஓடிவந்து, பாலூட்ட ஓர் எபிரேயப் பெண்ணை அழைத்து வரட்டுமா என்று கேட்டதும், சம்மதிக்கிறாள். அப்படி வந்தவர் பெற்ற தாயே! தாம் பெற்ற பிள்ளைக்குப் பாலூட்ட, அரண்மனையிலிருந்து கூலியும் வாங்கினார் அந்தத் தாய். பிள்ளை வளர்ந்தபின் பார்வோனின் மகளிடம் கொண்டுபோய் விட்டார். அவள் அவனைத் தன் மகனாக ஏற்று, மோசே என்று பெயரிட்டாள்.

ஒரு குழந்தை, இரண்டு தாய்மார். ஒருத்தி அடிமை இனத்தைச் சேர்ந்தவள், மற்றவள் அடிமைப்படுத்திய இனத்தைச் சேர்ந்தவள். மொழி வேறு, உணவு வேறு, வழிபாடு வேறு. ஒருத்தியிடம் மோசே தாய்ப்பால் குடித்தார். மற்றவளின் அரண்மனையில் எகிப்தியரின் கல்வி முழுவதையும் கற்றார் என்று திருத்தூதர் பணிகள் நூலின் ஏழாம் அதிகாரத்தில் தூய ஸ்தேவான் நினைவூட்டுகிறார். வளர்ந்தபின் அவர் தம் இனத்தாரிடம் போனார். அவர்களுடைய பாடுகளைக் கண்டார். தம் மக்களை மீட்க இறைவன் தேர்ந்துகொண்ட மனிதர், இரண்டு பண்பாட்டுத் தாய்மார் வளர்த்த பிள்ளை. இருவரில் யாரும் மற்றவரை இழிவாகப் பேசியதாகத் திருவிவிலியத்தில் ஒரு சொல்கூட இல்லை.

அடுத்து, நாசரேத்தூர் அன்னையிடம் வருவோம். லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பாஸ்கா விழா முடிந்து எருசலேமிலிருந்து திரும்பும் வழியில், பன்னிரண்டு வயது இயேசு உடன் வரவில்லை என்பது மரியாவுக்கும் யோசேப்புக்கும் ஒரு நாள் பயணம் முடியும்வரை தெரியவில்லை. உறவினரோடும் அறிமுகமானவர்களோடும் வருகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். இன்றைய பெருநகர் ஒன்றில் இப்படி நடந்திருந்தால், அன்னை மரியாவை நாம் விட்டிருப்போமா? ஒரு பகல் முழுவதும் பிள்ளை எங்கே என்று தெரியாத தாயா என்று கேட்டிருக்க மாட்டோமா? ஆனால் நாசரேத்தூரின் வழக்கம் வேறு. அங்கே பிள்ளை ஊருக்கே சொந்தம். சித்தி கையிலும் மாமன் தோளிலும் வளர்கிற பிள்ளை அது. நம் கிராமங்களும் அப்படித்தான் இருந்தன. எந்த வீட்டில் பிள்ளை சாப்பிட்டது, எந்தத் திண்ணையில் தூங்கியது என்று தாய் பதறியதில்லை. அந்த உறவின் நம்பிக்கையை நற்செய்தியாளர் குறையாகச் சொல்லவில்லை.

பிள்ளையைக் கண்டபோது அன்னை மரியா என்ன செய்தார்? தம் வேதனையை மறைக்காமல், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். இயேசு சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லை என்று லூக்கா எழுதுகிறார். புரியாததை அவர் தூக்கி எறியவில்லை. எல்லாவற்றையும் உள்ளத்தில் பதித்து வைத்துக்கொண்டார். தீர்ப்பிடுமுன் கேட்பது, புரியாவிட்டாலும் மனத்தில் வைத்துச் சிந்திப்பது. அன்னையிடம் நாம் கற்க வேண்டிய பாடம் இது.

இந்தப் பாடத்தை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கசப்பான சான்று இருக்கிறது. கனடா நாட்டில் பூர்வகுடி மக்களின் பிள்ளைகளை, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, தாய்மாரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். அப்படிப் பிரிக்கப்பட்டவர்கள் சுமார் 1,50,000 பிள்ளைகள். அவர்களுடைய முடி வெட்டப்பட்டது. தாய்மொழியில் பேசினால் தண்டனை கிடைத்தது. பலர் வீடு திரும்பவே இல்லை. அரசின் திட்டமான அந்தப் பள்ளிகளில் பெரும்பகுதியைக் கத்தோலிக்கத் துறவு சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தின. பூர்வகுடித் தாய்க்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது, நமக்குத்தான் தெரியும் என்ற எண்ணமே அதற்கெல்லாம் அடிப்படை.

2022-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் நடக்க இயலாத நிலையிலும் சக்கர நாற்காலியில் கனடாவின் மாஸ்க்வாசிஸ் என்ற இடத்திற்குச் சென்று, அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். சில மாதங்களுக்கு முன்பு அவர்களுடைய பிரதிநிதிகள் உரோமைக்கு வந்து, திரும்பி வராத பிள்ளைகளின் நினைவாக ஒரு சோடிக் குழந்தைக் காலணிகளை அவரிடம் கொடுத்து, கனடாவுக்கு வரும்போது திருப்பித் தரும்படி கேட்டிருந்தார்கள். அவற்றை அவர் அன்று திருப்பிக் கொடுத்தார். மறுநாள் ஜூலை 26, புனிதர்கள் சுவக்கின், அன்னா திருநாள். இயேசுவின் தாத்தாவையும் பாட்டியையும் திருஅவை நினைவுகூரும் நாளில், பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தத் தாத்தா பாட்டிகளோடு சேர்ந்து திருத்தந்தை திருப்பலி நிறைவேற்றினார்.

அப்படியானால், பண்பாடு என்ற பெயரில் எதையும் செய்யலாமா என்று கேட்கத் தோன்றும். செய்யலாகாது. நைல் நதியில் ஆண் பிள்ளைகளை எறியச் சொன்னதும் ஒரு நாட்டின் சட்டமாகத்தான் இருந்தது. நம் தமிழ்நாட்டிலும் பெண் குழந்தையைப் பிறந்தவுடன் கொல்லும் கொடுமை இருந்தது. அதைத் தடுக்கத்தான் 1992-இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. அடித்து வளர்ப்பதும் நம் வழக்கம்தான் என்று சிலர் பெருமையோடு சொல்வார்கள். பிள்ளையின் உடலையும் மனத்தையும் நோகடிக்கும் எதையும் பண்பாடு என்று நாம் காப்பாற்ற வேண்டியதில்லை.

எது அன்பு, எது வெறும் பிடிவாதம் என்று பிரித்தறிய சாலமோன் அரசர் நமக்கு ஓர் அளவுகோல் தந்திருக்கிறார். அரசர்கள் முதல் நூலின் மூன்றாம் அதிகாரத்தில், ஒரே குழந்தைக்கு இரண்டு பெண்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். வாள் கொண்டுவரச் சொல்கிறார் அரசர். பிள்ளை எனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அது உயிரோடு இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தவரே தாய் என்று தீர்ப்பாகிறது. என் முறைதான் வெல்ல வேண்டும் என்பது பிடிவாதம். பிள்ளை வாழ வேண்டும் என்பது அன்பு. ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் இதையே முன்வைக்கிறது. எல்லாவற்றிலும் குழந்தையின் நலன் முதன்மையாகக் கருதப்பட வேண்டும். குழந்தையைக் குடும்பத்தைவிட்டுப் பிரித்தாக வேண்டிய நிலை வந்தாலும், அதன் இனம், சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றை மதிக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது.

அன்பு நேயர்களே, நியூயார்க்கும் நார்வேயும் தொலைவில் இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வி நம் வீட்டு வாசலிலும் நிற்கிறது.

நம் பங்குகளில் எத்தனையோ தாய்மார், மகளின் பேறுகாலத்துக்காக விமானம் ஏறி, கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஜெர்மனிக்கும் போகிறார்கள். போன இடத்தில், பிறந்த பிள்ளையைத் தனிக் கட்டிலில் படுக்க வைப்பதைக் கண்டு, "ஐயோ, பச்சப்பிள்ளையைத் தனியா போட்டுட்டியே!" என்று துடிக்கிறார்கள். "அம்மா, இங்கே டாக்டர் அப்படித்தான் சொல்றாங்க" என்கிறாள் மகள். இரண்டு நாள் பேச்சு நின்றுபோகிறது. இரண்டு பேருக்கும் அந்தப் பிள்ளைமேல் உயிர். அதுதான் இருவருக்கும் தெரியாமல் போகிறது. பாட்டி, உன் தாலாட்டை விட்டுவிடாதே. அந்தப் பிள்ளை தாய்மொழியின் முதல் இசையை உன்னிடம்தான் கேட்கப்போகிறது. மகளே, உன் தாயின் கை அனுபவத்தைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கிவிடாதே. எதில் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று இருவரும் சேர்ந்து கேளுங்கள். மருத்துவர் சொல்வதில் பாட்டி விட்டுக்கொடுக்கட்டும். பாட்டுக்கும் செபத்துக்கும் மகள் இடம் கொடுக்கட்டும். தூய பவுலின் அன்பு மகன் திமொத்தேயுவின் தந்தை கிரேக்கர், தாய் யூதர். அந்தக் கலப்புக் குடும்பத்தில் நம்பிக்கை, பாட்டி லோயியிடமிருந்து தாய் யூனிக்கிக்கும், அவரிடமிருந்து பிள்ளைக்கும் வந்து சேர்ந்தது.

மாமியாரும் மருமகளும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தாலும், ஒவ்வொரு வீடும் ஒரு தனிநாடுதானே! அங்கும் இது பொருந்தும்.

இன்னொரு வாசலையும் பார்ப்போம். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலை தேடித் தமிழ்நாட்டுக்கு வரும் குடும்பங்களில் கத்தோலிக்கப் பழங்குடி மக்களும் இருக்கிறார்கள். திருப்பூரின் பனியன் நிறுவனங்களிலும் சென்னையின் கட்டடப் பணிகளிலும் உழைக்கிறார்கள். ஞாயிறு திருப்பலிக்கு வந்து பின்வரிசையில் நிற்கும் அந்தத் தாய், துணியால் பிள்ளையை முதுகில் கட்டியிருப்பார். "பிள்ளைக்கு மூச்சு முட்டாதா?" என்று நாம் முணுமுணுக்கிறோம். பள்ளிக்கு அனுப்பவில்லையே என்று குறை சொல்கிறோம். அந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் இடம், எந்த அங்கன்வாடியில் சத்துணவு என்று விசாரித்துச் சொன்னவர்கள் நம்மில் எத்தனை பேர்? பார்வோனின் மகள் குறை சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கினாள். தாய்க்கு வழி செய்தாள்.

வரும் ஞாயிறு நம் ஆலயத்தில் அப்படி ஒரு தாய் இருந்தால், உட்கார இடம் கொடுப்போம். பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்போம். மொழி தெரியாவிட்டாலும், அந்தக் கேள்வி எந்தத் தாய்க்கும் புரியும்.

பெற்ற தாய் தன் பிள்ளையை மறந்தாலும் நான் உன்னை மறக்கமாட்டேன் என்ற பொருளில் இறைவன் பேசுவதை எசாயா 49-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். தம் அன்பைச் சொல்ல இறைவனே தாயின் அன்பை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டார். எந்த நாட்டுத் தாய் என்று அவர் குறிப்பிடவில்லை. அன்னை மரியாவும் குவாதலூப்பேயில் மெக்சிகோ பூர்வகுடிப் பெண்ணின் சாயலில் தோன்றினார். வேளாங்கண்ணியில் சேலை உடுத்தி நிற்கிறார். ஆடை மாறினாலும், கையில் இருக்கும் பிள்ளைகள் மாறினாலும், தாய் ஒருவரே.

செபிப்போம்.

இரக்கமுள்ள தந்தையே, எல்லா மொழியிலும் தாலாட்டைக் கேட்டு மகிழ்கிறவர் நீர். நாங்கள் பிறந்த மண்ணில் கற்ற நல்லவற்றைப் பிள்ளைகளுக்குக் கையளிக்க எங்களுக்கு ஞானம் தாரும். எங்கள் வழக்கங்களில் பிள்ளைகளைக் காயப்படுத்துபவற்றை விட்டுவிடத் துணிவு தாரும். அயல்நாட்டிலும் அயல்மாநிலத்திலும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு நல்ல அண்டை வீட்டாரைத் தாரும். பிள்ளைகளைப் பிரிந்து தவிக்கும் தாய்மாருக்கு ஆறுதலாயிரும். அடுத்தவரின் அன்பைத் தீர்ப்பிடுமுன், அன்னை மரியாவைப்போல் கேட்கவும் உள்ளத்தில் வைத்துச் சிந்திக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.